பந்து முன்னாடி, பாயின்டர் பின்னாடி

பழைய ஆர்கேட் டிராக்பால் ஒண்ணு உங்க கையில கிடைச்சா முதல்ல என்ன பண்ணுவீங்க? நான் கனெக்டரை வெட்டப் போனேன். சித்தப்பா கையைப் பிடிச்சு நிறுத்தினார். "இதுக்கு இன்னொண்ணு கிடைக்காதுடா."

அவர் ஒரு காலத்துல வீடியோ கேம் கடை வச்சிருந்தவர். மெஷின் எல்லாம் பழைய இரும்புக்குப் போனப்போ இந்தப் பந்தை மட்டும் கழட்டிப் பரண்ல வச்சிருந்தார். பொங்கல் லீவுக்குள்ள இதைக் கம்ப்யூட்டர்ல ஓட வச்சுக் காட்டுறேன்னு வாய் விட்டுட்டேன். அதனால ஜூனியர்களே, நான் மாட்டின இடத்துல நீங்க மாட்டாம இருக்க இந்தக் கட்டுரை.

டிராக்பால் கேம்காரங்க கண்டுபிடிச்சது இல்ல. 1952-லேயே கனடா கடற்படையின் டேட்டார் திட்டத்துல பௌலிங் பந்து ஒண்ணை வச்சு இதைச் செஞ்சிருக்காங்க. ஆர்கேடுல இதைப் பிரபலமாக்கினது அட்டாரி: 1978-ல் ஃபுட்பால், 1980-ல் மிசைல் கமாண்ட், 1981-ல் சென்டிபீட். சித்தப்பா கேட்டது அந்த சென்டிபீடைத்தான்.

பந்துக்கு அடியில ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா ரெண்டு உருளை இருக்கும். ஒவ்வொண்ணோட முனையிலும் பிளவு வெட்டின ஒரு தட்டு. தட்டுக்கு ஒரு பக்கம் இன்ஃப்ராரெட் எல்இடி, மறுபக்கம் ரெண்டு சென்சார். ஒரே சென்சார் இருந்தா பந்து எவ்வளவு உருண்டுச்சுன்னு தெரியும், எந்தப் பக்கம்னு தெரியாது. ரெண்டாவது சென்சாரோட சிக்னல் கால் சுழற்சி தள்ளி வர்றதால, முன்னாடி உருட்டினா 00, 01, 11, 10 என்று வரும். பின்னாடி உருட்டினா 00, 10, 11, 01. ஆமா, டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ்ல "இது எதுக்கு சார்?"னு கேட்டோமே, அதே கிரே கோடுதான்.

என்னோட பந்துல ஆறு ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், நாலு சிக்னல். கலரை நம்பாதீங்க, போர்டுல தடம் பார்த்து மல்டிமீட்டர் வச்சு உறுதி பண்ணுங்க. பவர் கொடுத்ததும் மொபைல் கேமராவுல பாருங்க, எல்இடி மங்கலா ஊதா நிறத்துல தெரிஞ்சா உயிரோட இருக்குன்னு அர்த்தம். (சில கேமரா இன்ஃப்ராரெடை வடிகட்டிடும், முன்பக்கக் கேமராவுலயும் பாருங்க.) கனெக்டருக்குப் பொருத்தமான எதிர்முனை வாங்கிச் சொருகினா வெட்டவே வேண்டாம். போர்டுக்கு ஆர்டுயினோ லியோனார்டோ எடுத்தேன். அதுல இருக்கிற சிப் யூஎஸ்பி வழியா நேரடியா மவுஸ் மாதிரி பேசும், பழைய ஊனோ அப்படிப் பேசாது.

இப்போ என் தப்பு. லூப்புக்குள்ள பின்னைப் படி, மவுஸை நகர்த்து, 5 மில்லிசெகண்ட் டிலே. மெதுவா உருட்டினா அருமையா வேலை செஞ்சுது. வேகமா ஒரு தட்டு தட்டினா பாயின்டர் நடுங்கி, பின்னாடி ஓடுச்சு! இரைச்சல்னு நினைச்சுக் கெப்பாசிட்டர் போட்டேன். ஸ்விட்சுக்குப் போடுற மாதிரி டிபவுன்ஸ் போட்டேன், இன்னும் மோசம். ரெண்டு நாள் போச்சு.

அப்புறம்தான் பேப்பர் எடுத்துக் கணக்கு போட்டேன். என் பந்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 400 மாற்றம் தருது. விநாடிக்கு 5 சுற்றுன்னா 2000 மாற்றம், அதாவது அரை மில்லிசெகண்டுக்கு ஒண்ணு. நான் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள 10 மாற்றம் கடந்து போயிடுது. அந்த வரிசை நாலுக்கு ஒரு தடவை திரும்ப வருது இல்லையா? அப்போ நடுவுல 3 படி முன்னாடி போனா, அது 1 படி பின்னாடி போன மாதிரியேதான் தெரியும். சினிமாவுல வண்டிச் சக்கரம் தலைகீழா சுத்துறதும் இதனாலதான். சாம்ப்ளிங் தியரத்துக்கு 13 மார்க் பதில் எழுதின நான், அது என் மேஜை மேல நடக்கும்போது கண்டுக்கல.

தீர்வு: நாலு சிக்னலையும் லியோனார்டோவின் 0, 1, 2, 3 பின்களுக்குக் கொடுங்க, நாலுமே இன்டரப்ட் பின். பழைய 2 பிட், புது 2 பிட் சேர்ந்தா 16 நிலை. அதுல 4 முன்னாடி, 4 பின்னாடி, 4 மாற்றமில்லை. மீதி 4-ல் ரெண்டு பிட்டும் ஒரே நேரத்துல மாறியிருக்கும். அதாவது நடுவுல ஒரு படியைத் தவற விட்டுட்டீங்க. இந்த 16-ஐ ஒரு டேபிளா வச்சுக்கிட்டு இன்டரப்டுல எண்ணிக்கையை மட்டும் கூட்டிக் கழிங்க. மவுஸை நகர்த்தற வேலையை அங்க வைக்காதீங்க, அது லூப்போட வேலை. ஒரு தடவைக்கு 127-க்கு மேல அனுப்ப முடியாது, மிச்சத்தை அடுத்த தடவைக்கு வச்சுக்கோங்க. எண்ணிக்கையைப் படிச்சு அதுல கழிக்கிற நேரம் மட்டும் இன்டரப்டை நிறுத்துங்க.

மாமே எமுலேட்டர்ல மவுஸ் ஆப்ஷனை ஆன் பண்ணினா போதும். பட்டனுக்கு மட்டும் டிபவுன்ஸ் கட்டாயம்.

போகி அன்னைக்குச் சித்தப்பா வந்தார். ஸ்கிரீனைப் பார்க்கவே இல்ல, பந்தை ஒரு தட்டு தட்டிக் காதை வச்சுக் கேட்டார். "பேரிங் காஞ்சிருக்கு"ன்னு சொல்லிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் எடுக்கப் போயிட்டார். உருளையில ஒரு சொட்டு பட்டாலும் பந்து வழுக்கும், அதனால நான் துணியோட பக்கத்துல நின்னேன்.