ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பூ!

கையை நீட்டிக் கட்டைவிரலை முகத்துக்கு நேரே பிடியுங்கள். முதலில் இடக்கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பின்பு வலக்கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். எதிர்ச் சுவரின்மீது விரல் இடம்விட்டு இடம் தாவுவதுபோல் தோன்றுகிறது அல்லவா? நம் கண்களுக்கிடையே ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளி இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறுபட்ட காட்சியைக் காண்கிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டு மூளை தொலைவை உணர்கிறது.

இந்த உண்மையைப் பயன்படுத்தி ஓர் அறையே கட்டினார்கள்! சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் கரோலினா குரூஸ்-நெய்ரா, டேனியல் சாண்டின், தாமஸ் டிஃபான்டி ஆகியோர் உருவாக்கிய அந்த அறை 1992-இல் மக்கள் பார்வைக்கு வந்தது. அதன் பெயர் 'கேவ்', அதாவது குகை. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் சுமார் 10 அடி. மூன்று சுவர்களும் திரைகளே. அவற்றின் பின்னாலிருந்து படம் விழும். தரைக்கு மேலிருந்து விழும்.

திரையில் இடக்கண்ணுக்குரிய படமும் வலக்கண்ணுக்குரிய படமும் மிக விரைவாக மாறி மாறித் தோன்றும். பார்ப்பவர் அணிந்துள்ள கண்ணாடி, அதே வேகத்தில் ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணைத் திறக்கும். எனவே ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படம் மட்டுமே தெரியும்.

இனிக் கணக்குக்கு வருவோம். திரை உங்களிடமிருந்து 150 செ.மீ. தொலைவில் இருக்கிறது. 100 செ.மீ. தொலைவில், அந்தரத்தில், ஒரு பூ தெரிய வேண்டும். இரு கண்களிலிருந்தும் பூவின் வழியாகத் திரைவரை கோடுகள் வரையுங்கள். வடிவொத்த முக்கோணங்கள் இரண்டு கிடைக்கும். திரையில் இரு படங்களுக்கும் இடையே இருக்க வேண்டிய தொலைவு:

6.5 × 50 ÷ 100 = 3.25 செ.மீ.

கோடுகள் பூவில் வெட்டிக்கொள்வதால், வலக்கண்ணின் படம் இடப்புறமும் இடக்கண்ணின் படம் வலப்புறமும் அமையும்.

இப்போது நீங்கள் பக்கவாட்டில் 30 செ.மீ. நகர்கிறீர்கள். படங்கள் மாறாமல் இருந்தால் என்ன ஆகும்? மீண்டும் கோடு வரைந்து பாருங்கள். பூவும் உங்களோடு 10 செ.மீ. நகர்ந்துவிடும்! உண்மையான பூ அப்படி நம்மைத் தொடர்ந்து வருமா? வராது. அதனால்தான் கண்ணாடியில் ஓர் உணர்கருவி பொருத்தினார்கள். தலை எங்கே இருக்கிறது என்பதை அது தெரிவிக்க, கணிப்பொறி உடனுக்குடன் படங்களைத் திருத்தி வரையும். பூ நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கணிப்பொறி ஒருவருடைய தலையைத்தான் கணக்கில் கொள்கிறது. அருகில் நிற்பவர் அதே படங்களை வேறிடத்திலிருந்து பார்க்கிறார். அவருக்குப் பூ சற்றுத் தள்ளித் தெரியும். இருவரும் பூவைத் தொடக் கை நீட்டினால் விரல்கள் ஒரே இடத்துக்குப் போகமாட்டா! ஓர் இயந்திரத்தின் வடிவமைப்பை இருவர் சேர்ந்து ஆராயும்போது இது சிறு பிழை ஆகாது.

2012-இல் அதே ஆய்வுக்கூடம் 'கேவ்-2' என்னும் வட்ட வடிவ அறையை அமைத்தது. அதன் விட்டம் 24 அடி. சுற்றிலும் 72 தட்டைத் திரைகள். கருவிகள் மாறின, வடிவகணிதம் மாறவில்லை.

உங்களுக்கு ஒரு கேள்வி: பூ திரைக்குப் பின்னால், 300 செ.மீ. தொலைவில் தெரிய வேண்டுமானால், படங்களின் இடைவெளி எவ்வளவு? எந்தப் படம் எந்தப் பக்கம்? அளவுகோலை எடுத்து வரைந்து பாருங்கள். விடை உங்களை வியக்க வைக்கும்.