அளவும் ஒப்பும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில், கடலை அணுகும் இடத்தில் உள்ளது ஆறுமுகநேரி. ஊரை அடுத்த வெளிகளில் உப்பளங்கள் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும். காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் திருத்தித் தரப்படும் நாளில், மாலையில் வீடு திரும்பும் மேல்நிலை வகுப்பு மாணவரிடையே இங்கும் ஒரே பேச்சுத்தான். "இயற்பியலில் உனக்கு எத்தனை?" என்பான் ஒருவன். "முதலில் நீ சொல், பிறகு நான் சொல்கிறேன்" என்பான் மற்றவன். எண்கள் வெளிவந்தபின் ஒரு முகம் மலரும். ஒரு முகம் வாடும். மலர்ந்த முகமும் நெடுநேரம் மலர்ந்திருப்பதில்லை. அடுத்த தெருமுனையில் அவனினும் மூன்று மதிப்பெண் மிகுதியாகப் பெற்ற வேறொருவன் வந்து சேர்ந்துவிடுவான்.

இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று பெரியோர் சிலர் இகழ்வர். அங்ஙனம் இகழ்தல் பொருந்தாது. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய அரிய பாடங்களைத் தேர்ந்து பயிலும் மாணவர்க்கு அவ்வெண்கள் வாழ்வின் வாயில்களாக நிற்கின்றன. தமிழ்நாட்டில் பொறியியற் படிப்புக்குரிய நுழைவுத்தேர்வு 2007ஆம் ஆண்டில் நீக்கப்பட்டபின், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கின்றது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடுவர். இயற்பியலில் இழந்த ஒரு மதிப்பெண் அங்கே அரை மதிப்பெண்ணாகும். அவ்வரைக்குள் மாணவர் பலர் நெருங்கி நிற்பர். வெயிலில் நின்று உப்பு வாரும் தந்தை ஒருவர், தம் மகள் விரும்பிய கல்லூரியில் சேர்வாளோ மாட்டாளோ என்று கவலையுறும்போது, "எண் என்ன பெரிது?" என்று அவரிடம் கூறுதல் அறிவுடைமை ஆகாது. எண்ணைப் பொருட்படுத்தவே வேண்டும். எதனை அளந்த எண் அது என்பதையும் உடன் அறிதல் வேண்டும்.

அளத்தல் தொழிலில் இவ்வூரார்க்குப் பழக்கம் மிகுதி. உவர்நீரை முதலில் தெப்பத்தில் தேக்குவர். வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச, உவர்ப்பு ஏறும். கண்ணாடிக் குழல் ஒன்றை அந்நீரில் மிதக்கவிட்டு, எத்தனை 'டிகிரி' என்று பார்ப்பர். போமே என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த அளவை அது. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். நீர் வற்றிச் செறிவு ஏறுகையில் முதலில் ஜிப்சம் படிந்து நீங்கும். 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும்; அவ்வேளையில் நீர் பாத்திக்கு வந்திருத்தல் வேண்டும். 30 டிகிரியைத் தாண்டவிட்டாலோ மக்னீசிய உப்புகள் கலந்து, விளைந்த உப்பும் கசக்கும். ஆதலின் அதற்கு முன்பே எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவர். எண் ஏற ஏற நன்று என்னும் எண்ணம் இங்குச் செல்லாது. 12 டிகிரி காட்டும் தெப்பத்தை 24 டிகிரி காட்டும் தெப்பத்தோடு ஒப்பிட்டு இழித்துப் பேசுவாரும் இலர். இன்னும் எத்துணை நாள் வெயில் வேண்டும், எப்பொழுது மடை திறத்தல் வேண்டும் என்பனவற்றையே அவ்வெண்ணால் அறிவர்.

விடைத்தாளின் எண்ணும் அவ்வாறு படிக்கத்தக்கது. மாணவியர் இருவர் இயற்பியல் எழுத்துத்தேர்வில் 70க்கு 48 பெற்றனர் என்று கொள்வோம். எண் ஒன்றே. ஆயினும் ஒருத்தி வரையறைகளையும் நிறுவல்களையும் பிழையற எழுதிவிட்டுக் கணக்குகளில் தவறினாள். மற்றொருத்தி கணக்குகளைச் செவ்வனே செய்து, நெடுவினாக்களை எழுத நேரமின்றி விட்டுவிட்டாள். முன்னவளுக்கு வேண்டுவது நாள்தோறும் சில கணக்குகளைச் செய்து பழகுதல். பின்னவளுக்கு வேண்டுவது கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதிப் பழகுதல். "உனக்கும் 48, எனக்கும் 48" என்று மகிழ்ந்து பிரிந்தால் இருவருக்கும் பயன் ஒன்றும் இல்லை. இரு தாள்களையும் அருகருகே விரித்து, வினா வினாவாக ஒப்பிட்டு நோக்கினால், ஒருத்தியின் கையில் மற்றவளுக்குரிய மருந்து இருப்பது தெரியவரும்.

பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கொரு கணக்கே தந்துள்ளார். ஆசிரியர் உரைத்ததை அமைவுறக் கொண்டாலும் புலமையில் காற்பங்கே கைவரும். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அவர் கருத்து. நண்பர்க்குக் கணக்கு விளக்கிக் காட்டும் மாணவி தனக்கே பெரும்பங்கு சேர்த்துக்கொள்கிறாள் அன்றோ!

நன்னூலார் மாணாக்கரைத் தரம் பிரிக்கவில்லை என்று எண்ணற்க. அன்னமும் ஆவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைப் போல்வார் கடைமாணாக்கர் என்று வரிசைப்படுத்தினார். ஒன்றிலும் நிலையாது இங்கொரு தழை அங்கொரு தழை என மேய்வது ஆடு. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்வது நெய்யரி. கற்கும் முறை எவ்வாறு உள்ளது என்பதை அவ்வரிசை காட்டுகின்றது. ஒருவனை ஓட்டைக் குடம் என்றால், எங்கே ஒழுகுகின்றது என்று தேடி அடைக்கலாம். 48 என்று மட்டும் கூறினால் எதனை அடைப்பது?

இக்கடற்கரையில் முத்தைத் தரம் பிரித்த முறையும் ஈண்டு நினைக்கத்தக்கது. தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டிற்குப்பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அது நடந்த காலத்தில், பித்தளைச் சல்லடைகள் பத்தினை வைத்துக்கொண்டு முத்துகளைச் சலிப்பர். முதற் சல்லடையில் 20 துளைகள். கடைசிச் சல்லடையில் 1000 துளைகள். பருமனை அறிதற்கு அதுவே போதும். ஆனால் வணிகர் அத்தோடு நிறுத்தியதில்லை. ஒரே சல்லடையில் தங்கிய முத்துகளைத் துணியில் பரப்பி, உருட்சியும் ஒளியும் நோக்கி மீண்டும் வகைப்படுத்துவர். அதன்பின்னரே எடை, அதன்பின்னரே விலை. துளை காட்டாத ஒளியைக் கண் கண்டது.

கணித மேதை இராமானுஜன் கதையைப் பலரும் பலவாறு கூறுவர். கும்பகோணத்தில் தொடக்கப் பள்ளியில் பயின்ற காலத்தில், கணக்குத் தேர்வு ஒன்றில் அவருடைய தோழர் 45க்கு 43 பெற்றார். இராமானுஜன் பெற்றது 42. அவ்வொரு மதிப்பெண்ணைப் பொறாமல் தோழரோடு பேசவும் மறுத்தார் என்பர். ஏனைய பாடங்களில் தாமே மிகுதியாகப் பெற்றிருந்தும் அது அவருக்கு ஆறுதலாகவில்லை. 1904ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசு பெற்றபோது, இம்மாணவனுக்கு முழு மதிப்பெண்ணும் போதாது, அதற்கு மேலும் தரத்தக்கவன் என்று தலைமையாசிரியர் அவையில் பாராட்டினார். பின்னர்க் கல்லூரியில் கணிதமொன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை, 1907ஆம் ஆண்டில் மீண்டும் எழுதியும் தேறவில்லை.

தேர்வில் தவறிய மாணவரைத் தேற்றுவதற்கு மேடைப் பேச்சாளர் இக்கதையைக் கையாளுவர். அக்கையாட்சி சற்றுத் தவறானது. இராமானுஜனுடைய கணித மதிப்பெண் பொய் கூறவில்லை. உடலியலில் அவர் பெற்ற மிகக் குறைந்த மதிப்பெண்ணும் பொய் கூறவில்லை, அப்பாடத்தை அவர் கற்கவில்லை. தனித்தனியே மெய் கூறிய எண்கள் ஒருங்கே சேர்ந்து 'தேறாதவர்' என்னும் ஒரு சொல்லாகிய இடத்திலேதான் நாடு தன் மேதையைக் காணத் தவறிற்று. அடுத்த சில ஆண்டுகள் அவர் வறுமையில் வாடினார். 1913ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் பேராசிரியருக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். ஹார்டி அவருடைய தேர்வு எண்களை நோக்கவில்லை. தேற்றங்களை ஒவ்வொன்றாக நோக்கினார். அடுத்த ஆண்டில் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

ஹார்டியும் தேர்வு வரிசையின் சுவையை அறிந்தவரே. கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் தேறியோர் பெயரை முதல்வர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசைப்படுத்தி வெளியிடுவது நெடுநாள் மரபு. 1898ஆம் ஆண்டில் அவ்வரிசையில் அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம். அவ்வரிசையில் முதலிடம் பெறுவதற்கென்றே மாணவர் தனிப்பயிற்சியாளரிடம் பழகுவதையும், அதனால் உண்மைக் கணிதம் தேய்வதையும் கண்டு, அம்முறையை மாற்றப் பாடுபட்டோருள் அவரும் ஒருவரானார். 1909ஆம் ஆண்டோடு அவ்வரிசை நின்றது. தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017ஆம் ஆண்டில் நின்றது. செய்தித்தாள்களில் படம் வருதல் குறைந்தது. வீட்டுத் திண்ணைகளில் கேள்வி குறையவில்லை.

அவ்வரிசையை எதிர்த்த ஹார்டியும் எண்ணிடுதலை முற்றும் விடவில்லை. இயல்பாய் அமைந்த கணித ஆற்றலுக்கு 0 முதல் 100 வரை ஓர் அளவுகோல் வகுத்து, ஒருமுறை விளையாட்டாக மதிப்பெண் இட்டார். தமக்கு 25, உடனுழைத்த லிட்டில்வுட்டுக்கு 30, செர்மனி நாட்டுப் பெருங்கணிதர் ஹில்பர்ட்டுக்கு 80. கும்பகோணத்திலிருந்து வந்தவருக்கு 100.