நோவும் மரப்பூசியும்

“சிறிது நேரந்தானே, பொறுத்துக்கொள்ளும்” என்பது வைத்தியசாலைகளில் நெடுநாளாய் வழங்கிவரும் சொல். சொல்லுகிறவர் வைத்தியர், பொறுக்கிறவர் நோயாளி. இவ்வொரு சொல்லின்கீழ்ப் பல ஆண்டுகள் மறைந்துகிடந்த நோவு ஒன்றையும், அது தணிக்கப்பட்ட வகையையும் இங்கே சுருங்க ஆராய்வோம்.

ஆண்மக்களின் உடலிற் சிறுநீர்ப்பையின் கீழே, மூத்திரக் குழாயைச் சூழ்ந்து, சற்றே பெரிய நெல்லிக்காயளவில் அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. முதுமையில் இதனைப் புற்றுநோய் பற்றுவதுண்டு. இரத்தச் சோதனையிலோ விரற் சோதனையிலோ ஐயம் எழுமாயின், சுரப்பியினின்று சிறு துணுக்குகள் எடுத்து, நுண்ணோக்கியிற் பார்த்தே உறுதி சொல்லல் வேண்டும். இதுவே பயாப்ஸி எனப்படும் திசுச் சோதனை. மலக்குடல் வழியாக ஒலியலைக் கருவியைச் செலுத்திச் சுரப்பியைத் திரையிற் கண்டு, வில்விசையாற் பாயும் மெல்லிய ஊசியால் துணுக்குகளை எடுப்பர். 1989-இல் ஹாட்ஜ் முதலியோர் ஆறிடங்களில் முறையாக எடுக்கும் வழியை வகுத்தனர். பின்னர் அத்தொகை பத்து, பன்னிரண்டு என உயர்ந்தது. துணுக்குகள் பெருகப் பெருக, நோயாளியின் நோவும் பெருகிற்று. எனினும் இது சிறு காரியம் என்று எண்ணி, வைத்தியர் பலர் மரப்பு மருந்து யாதுமின்றியே இதனைச் செய்துவந்தனர்.

மருந்து அக்காலத்து இல்லையோ எனின், இருந்தது. 1884-இல் வியன்னா நகரத்து இளம் வைத்தியர் கார்ல் கொல்லர், கொக்கெயின் கரைசல் கண்ணை மரக்கச் செய்யும் என்று கண்டார். அச்செய்தி ஹைடல்பெர்க் நகரில் கூடிய கண் வைத்தியர் சபையில் வெளியாயிற்று. பயணச் செலவுக்குப் பொருளின்மையால் அவர் கட்டுரையை வேறொருவரே படித்தார். கொக்கெயினோ நச்சுத்தன்மையும் அடிமைப்படுத்தும் இயல்பும் உடையது. ஆதலின் வேறு மருந்துகள் தேடப்பட்டன. 1943-இல் ஸ்வீடன் தேசத்து லோஃப்கிரென் என்பார் லிக்னோகெயின் என்னும் மருந்தை ஆக்கினார். நம் பல் வைத்தியர் இன்றும் பெரிதும் கையாள்வது இதுவே.

இம்மருந்து செயற்படும் வகை யாது? நோவு என்பது நரம்பிழை வழியே ஓடும் மின் செய்தி. இழையின் சுவரிலுள்ள நுண்வாயில்கள் திறந்து, சோடியம் அயனிகள் உட்புகுவதாலேயே அச்செய்தி நகர்கிறது. மருந்து இழைக்குள் ஊடுருவி, உள்ளிருந்தே அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. செய்தி மூளையை எட்டுவதில்லை. நோயாளி விழித்திருந்தும் நோவறியான். சிறிது நேரத்தில் இரத்தம் மருந்தைக் கொண்டுபோக, உணர்ச்சி மீளும்.

புராஸ்டேட் சுரப்பியின் நரம்புகள் அதன் பின்பக்கத்தில், இருமருங்கும் இரத்தக் குழாய்களோடு சேர்ந்து வருகின்றன. ஒலியலைப் படத்தில் இடங்கண்டு, பக்கத்துக்கு 5 மில்லிலிட்டராக, நூற்றுக்கு ஒன்று என்ற வீதமுள்ள லிக்னோகெயினைச் செலுத்துதல் வழக்கம். கணக்கிட்டுப் பாருங்கள்: 1 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் மருந்து, ஆகவே 10 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். வளர்ந்தவர்க்கு ஒருவேளைக்கு மேலெல்லையாகக் கொள்ளப்படும் 300 மில்லிகிராமில் இது மூன்றில் ஒரு பங்கே. ஆயினும் ஊசி இரத்தக் குழாயிற் புகுந்துவிடவில்லை என்பதைப் பின்னிழுத்துப் பார்த்தலும், மருந்து ஒவ்வாதவரா என்று முன்னமே வினவுதலும் இன்றியமையாதன. செலுத்தியபின் சில நிமிடம் காத்திருத்தலும் வேண்டும்.

“நோவைத் தணிக்க மற்றொரு நோவோ? ஊசிக்கு ஊசியோ?” என்று வினவுவார் உளர். இவ்வினா தக்கதே. இதற்கு விடை வாதத்தாலன்றிச் சோதனையாலேயே கிடைத்தது. 1996-இல் நாஷ் என்பாரும் துணைவரும், சுரப்பியின் ஒரு பக்கத்து நரம்பினருகே மருந்தையோ வெறும் உப்புநீரையோ செலுத்தி, இருபக்கத்து நோவையும் ஒப்பிட்டனர். மருந்து சென்ற பக்கத்தில் நோவு குறைந்திருந்தது. பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் இதனையே வலியுறுத்தின. மலக்குடலிற் பூசும் மரப்புக் களிம்பு தனித்து நிற்கின், ஊசியளவு பயன் தருவதில்லை என்பதும் தெளிவாயிற்று.

இம்மரப்பூசி எல்லா இடரையும் போக்குவதன்று. கருவி நுழையும்போது உண்டாகும் அழுத்தமும் கூச்சமும் இதனால் முற்றும் நீங்கா. மலக்குடல் வழியே செய்வதால் நேரக்கூடிய தொற்றையும் இது தடுக்காது. அதற்கு வேறு காப்பு வேண்டும். மலக்குடலை விட்டு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாகச் செய்யும் முறையில், அத்தோலையும் மரக்கச் செய்தல் வேண்டும்.

நோவுக்கு அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடும் முதியவர், நோய் முற்றியபின் வருதல் கூடும். முதல் முறை வருந்தியவர் மறுமுறை வர மறுத்தலும் இயல்பே. ஆதலின் மரப்பூசி நோயாளிக்குக் காட்டும் சலுகையன்று. சோதனையின் ஓர் உறுப்பேயாகும். நோயாளியாய்ச் செல்வார் அதனைக் கேட்டுப் பெறுதற்கு நாணவேண்டுவதில்லை. வைத்தியராகக் கருதும் மாணவரோ, “பொறுத்துக்கொள்ளும்” என்னுமுன், “நோகிறதா?” என்று கேட்கப் பழகுவாராக.