துவக்கு உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும்

தெல்தோட்டை, கலஹா, உடுதும்பறைப் பக்கம் காட்டுப்பன்றிக்குப் பயந்து லைசன்ஸ் எடுத்துத் துவக்கு வைத்திருக்கும் இளம் பெற்றோருக்கும், துவக்கையே தொட்டறியாத லயத்துப் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1. பிள்ளைக்குப் புத்தி சொல்லுமுன் பூட்டைப் போடுங்கள். துவக்கு ஓரிடம், தோட்டா வேறிடம், இரண்டு சாவியும் உங்கள் கையில். இரவுக் காவல் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்து, துவக்கைக் கதவு மூலையில் சாத்திவிட்டுப் படுக்காதீர்கள். முற்றத்திலேயே மடக்கி, தோட்டாவை உருவி, குழல் வெறுமையா என்று பார்த்த பிறகுதான் வாசற்படி ஏற வேண்டும்.

2. "சொல்லி வைத்திருக்கிறேன், தொடமாட்டான்" என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2001இல் வெளியான ஆய்வொன்றில், 8 முதல் 12 வயதுச் சிறுவர் 64 பேரைக் கைத்துப்பாக்கி ஒளித்து வைத்த அறையில் விட்டுப் பார்த்தார்கள். 48 பேர் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை இழுத்தார்கள். எடுத்தவர்களில் அநேகமானோர் முன்பே அறிவுரை கேட்டவர்கள்.

3. அதற்காகச் சொல்லாமலும் இருக்காதீர்கள். தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல். இதைப் பிள்ளை வாயாலேயே திரும்பச் சொல்ல வையுங்கள்.

4. நம் பக்கத்துப் பெரிய ஆபத்து வீட்டுக்குள் இல்லை. பன்றித் தடத்தில் கட்டும் கட்டுத்துவக்குதான். தண்ணீர்க் குழாயில் வெடிமருந்தை இடித்து, மானாப் புல்லுக்குள் மறைத்து, தடத்துக்குக் குறுக்கே கம்பியோ நூலோ இழுத்திருப்பார்கள். பன்றியின் உயரத்துக்குக் கட்டியது மனிதனின் காலைத்தான் சிதைக்கும். விறகுக்கும் பள்ளிக்கும் பிள்ளைகள் குறுக்குவழியில் போவார்கள்; கம்பியில் படுவது பன்றியா பிள்ளையா என்று அந்தத் துவக்குக்குத் தெரியாது. குறுக்கே கம்பியைக் கண்டால் தாண்டாதே, வந்த வழியே திரும்பு என்று பழக்குங்கள். புதர்க்காட்டுக் குறுக்குவழியை அடியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது.

5. பன்றி வெடியும் அப்படித்தான். தீனிக்குள் பொதிந்து வைத்திருப்பார்கள். காட்டோரத்தில் கிடக்கும் எந்த உருண்டையையும் பொதியையும் எடுக்கக் கூடாது.

6. காயம் பட்டால் துணியால் அழுத்திப் பிடித்து 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். பொலிஸுக்குப் பயந்து மறைக்காதீர்கள்; இரத்தம் காத்திருக்காது.

7. கட்டுத்துவக்கு கட்டுவது சட்டப்படி குற்றம். கட்டுகிறவர் உங்கள் மாமனோ மச்சானோ ஆனாலும் இன்றே போய் அவிழ்க்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் 119இல் பொலிஸுக்குச் சொல்லிவிடுங்கள்.