தொட்டியின் மூச்சு

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுடையது. சித்திரை மாதத்தில் அச்சமவெளி அனலாய்த் தகிக்கும். அச்சாலையிலே பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, மல்லூரைக் கடந்து ஆண்டகளூர் கேட்டை நெருங்குகையில் திணறி நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். தொட்டியில் பெட்ரோல் பாதிக்குமேல் உண்டு. ஆயினும் அது எஞ்சினைச் சென்று சேரவில்லை. சிறிது நேரம் நிழலில் நின்றபின் வண்டி கிளம்புகிறது; சில கல் தொலைவு ஓடி மீண்டும் நிற்கிறது. பட்டறையில் பம்பை மாற்றுவர்; வடிகட்டியை மாற்றுவர்; கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவர். பணம் செலவாகுமேயன்றிக் குறை நீங்காது.

எண்ணெய்த் தகரத்தில் ஒரே துளையிட்டுச் சாய்த்தால் எண்ணெய் விட்டுவிட்டு வழிந்து நின்றுவிடும். எதிர்மூலையில் மற்றொரு துளையிட்டதும் சீராக ஒழுகும். கடைக்காரர் யாவரும் அறிந்த செய்தி இது. வெளியேறிய எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று வேண்டும். கார்த் தொட்டிக்கும் அவ்வாறே ஒரு மூச்சுத்துளை உண்டு. சில வண்டிகளில் அது மூடியிலேயே அமைந்திருக்கும். சிலவற்றில் மெல்லிய குழாயாக நீண்டு செல்லும். புழுதி அதனை அடைக்கலாம். ரப்பர்க் குழாய் மடிந்து நசுங்கலாம். நெடுநாள் நின்ற வண்டியாயின் மண்குளவி அதிற் கூடு கட்டிவிடலாம். துளையுள்ள மூடி தொலைந்தபின் துளையில்லாத மூடியை வாங்கிப் பொருத்துவோரும் உளர்!

அடைபட்ட தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய உள்ளழுத்தம் தாழ்கிறது. வெளிக்காற்றோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. உள்ளழுத்தம் அதிற் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகட்டின்மீது சுமார் 240 கிலோகிராம் பாரம் ஏறும். தொட்டி உட்குழிந்து போவதில் வியப்பென்ன?

நிறுத்தி வைத்த வண்டியில் இதற்கு மாறானது நிகழ்கிறது. விடியற்காலையில் 50 லிட்டர் நிரப்பிய பெட்ரோல், 15 பாகை வெப்பம் ஏறினால் முக்கால் லிட்டரளவு பெருகும். ஆவியும் மிகும். வழியின்றேல் அது மூடியோரம் கசிந்து நாறும். அருகில் தீப்பொறி இருப்பின் பேராபத்து விளையும்.

பெட்ரோல் ஆவி வெயிலோடு கூடிப் புகைமூட்டம் விளைவிப்பதால், கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு மாதிரி முதலும் அமெரிக்கா முழுவதும் 1971 முதலும் புதிய கார்களில் அதனை அடக்கும் அமைப்பு கட்டாயமாயிற்று. கரித்துண்டுகள் நிரம்பிய குடுவை ஆவியைப் பற்றிவைத்துப் பின்னர் எஞ்சினுக்கு ஈகிறது. அக்காலத்தில் அமெரிக்கா சென்ற எம்.ஜி.பி. போன்ற கார்களில் அக்குடுவை அடைபட்டாலும் தொட்டி மூச்சுத் திணறும்.

குறையைக் கண்டறிய வழி எளிது. வண்டி நின்றவுடன் மூடியைத் திறக்கவேண்டும். ‘உஸ்’ என்று காற்று உட்புகுந்து, உடனே எஞ்சினும் ஓடத் தொடங்கினால் மூச்சுத்துளையே குற்றவாளி. திறந்தும் பயனின்றி, எரிபொருட்குழாயை ஈரத்துணியால் குளிர்வித்தபின் ஓடினால், குழாயினுள் பெட்ரோல் ஆவியாகித் தடுத்தது எனலாம். சோதிக்கும்பொழுது பீடியோ தீக்குச்சியோ அருகில் வரலாகாது. மூடியைத் தளர்த்திவைத்தே ஊர் செல்வதும் தகாது. பெட்ரோல் தளும்பிச் சிந்தும். மூச்சுக்குழாயைத் தொட்டியினின்று கழற்றிய பின்னரே காற்றடித்துத் துப்புரவாக்கவேண்டும். இன்றேல் அழுக்கு உள்ளே போய்விடும். வெளிமுனையில் நுண்ணிய கம்பிவலை கட்டினால் குளவி மீண்டும் அங்கே குடியேறாது.