இராச் சாப்பாடும் சில தப்பெண்ணங்களும்

குற்றாலத்தைப் பற்றி எழுதியவர்கள் அருவியை வருணித்தார்கள். அருவியில் குளித்து எழுந்தவனுடைய பசியையும், அந்தப் பசிக்குக் கிடைத்த விருந்தையும் வருணித்தார்கள். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அங்கே வாழ்ந்திருந்த நாளில் அவர் வீட்டு விருந்தோம்பல் தமிழ் எழுத்தாளர் உலகத்தில் பிரசித்தமாக இருந்தது. ஆனால் சாரலுக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவர்களுக்கு வேண்டிய சமையல் வேறு. தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆண்டு முழுவதும் குடியிருந்து, பீடி சுற்றியும் வயலில் களை பறித்தும் கடையில் நின்றும் ஈட்டிய கூலியைக் கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு நான்கைந்து வயிறுகளை நிரப்ப வேண்டியிருக்கிற சம்சாரிக்கு வேண்டிய சமையல் வேறு. இந்த இரண்டாவது சமையலைப் பற்றி வழங்குகிற நம்பிக்கைகளில் சில, பணத்தையும் போக்கி, உடம்பையும் போக்கிவிடுகின்றன. அவற்றின் வேரை ஆராய்ந்தால் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காணலாம்: ஒவ்வொரு பதார்த்தத்தையும் தனியே நிறுத்தி, இது உயர்ந்தது, இது தாழ்ந்தது, இது ஆகும், இது ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிற பழக்கமே அது. பொருளின் குணத்தில் பாதி, அது எதனோடு சேர்கிறது, எந்த வேளையில் எந்த முறையில் சேர்கிறது என்பதைப் பொறுத்தது.

நம்பிக்கை: ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது, அது மனிதர் உண்ணத் தக்கதன்று.

உண்மை: தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் பொது விநியோகத்தில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. விலையில்லாத பொருளுக்கு மதிப்பும் இல்லை என்று கருதுவது மனித சுபாவம். அதனால்தானோ என்னவோ, செறிவூட்டிய அரிசி அந்தக் கடைகளுக்கு வந்தபோது, வதந்தி வெகு விரைவாகப் பரவியது. கழுவும்போது மிதக்கிற, நிறத்தில் சற்றே வேறுபட்ட மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிந்த வீடுகள் உண்டு. அந்த மணிகளும் அரிசியே. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து, இயந்திரத்தில் அரிசி வடிவமாகவே பிதுக்கி எடுத்து, சாதாரண அரிசி நூறு பங்குக்கு ஒரு பங்கு என்னும் அளவில் சேர்க்கிறார்கள். ஆகவே, பொறுக்கி எறிகிறவர் அரிசியிலுள்ள மருந்தை எறிகிறவராகிறார்.

புழுங்கல் அரிசியைத் தடித்தது, நாகரிகமற்றது என்று ஒதுக்குவதும் இதைப் போன்றதே. நெல்லை அவித்து உலர்த்தும்போது தவிட்டிலுள்ள பி வகை வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுவதால், தீட்டிய பின்னும் பச்சரிசியைக் காட்டிலும் புழுங்கலரிசியில் அவை அதிகமாகத் தங்குகின்றன. பழைய அரிசியின் வாடை பிடிக்காதவர்கள் இரண்டு முறை களைந்து, அரைமணி நேரம் ஊறவைத்துப் பொங்கினால் போதும். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் கொட்டாமல், உப்பிட்டுக் குடிப்பதோ ரசத்துக்கும் குழம்புக்கும் சேர்ப்பதோ, நீரில் கரைந்து போன சத்தைத் திரும்பப் பெறுகிற சுலபமான வழியாகும்.

நம்பிக்கை: கறியும் மீனும் வாங்க முடியாத வீட்டில் பிள்ளைகள் சத்தில்லாமல்தான் வளர வேண்டும்.

உண்மை: இந்த நம்பிக்கைக்குத் திருநெல்வேலிச் சீமையின் அடுக்களை எப்போதோ விடை சொல்லிவிட்டது, அந்த விடைக்கு உளுந்தஞ்சோறு என்று பெயர். தொலி உளுந்தை வாசனை வர வறுத்து, அரிசியோடு வெந்தயமும் பூண்டும் கொஞ்சம் தேங்காய்த் துருவலும் சேர்த்து ஒரே பானையில் பொங்கி, எள்ளுத் துவையலைத் தொட்டுக்கொண்டு உண்பது அந்த நாட்டுச் சம்பிரதாயம். புரதம் என்பது பல அமினோ அமிலங்களால் ஆனது. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் ஒன்று குறைவு, பருப்பு வகைகளில் அது நிறைவு. பருப்பில் மெத்தியோனின் என்பது குறைவு, அரிசியிலும், விசேஷமாக எள்ளிலும் அது நிறைவு. இரசாயன சாஸ்திரம் இந்தப் பெயர்களை இடுவதற்கு நெடுங்காலம் முன்பே, உளுந்தையும் அரிசியையும் எள்ளையும் ஓர் இலையில் கூட்டி வைத்த நம் பாட்டிமார்களுக்குக் காரணம் தெரியாமல் இருந்திருக்கலாம், காரியம் தவறவில்லை.

கணக்காகவே சொல்லுவோம். நான்கு பேருக்கு அரைக் கிலோ அரிசியும் 150 கிராம் உளுந்தும் போட்டுப் பொங்கினால், அரிசியிலிருந்து ஏறக்குறைய 38 கிராமும், உளுந்திலிருந்து ஏறக்குறைய 34 கிராமும் ஆக, 72 கிராம் புரதம் பானையில் இருக்கிறது. தலைக்குப் பதினெட்டு கிராம். வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு, ஓரிரவுச் சோற்றிலேயே கிடைத்துவிடுகிறது. உளுந்து கிடைக்காத நாளில் காணம் என்கிற கொள்ளும் பாசிப்பயறும் துவரையும் அதே வேலையைச் செய்யும்.

ஒரு விஷயத்தை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வைட்டமின் பி12 தாவர உணவில் இயற்கையாகக் கிடைப்பதில்லை. அதற்குப் பாலோ தயிரோ முட்டையோ மீனோ வேண்டும். ஆனால் அதற்கும் ஆட்டுக்கறிதான் வேண்டும் என்பதில்லை. முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதமும் கூடவே வருகிறது. தென்காசி கடற்கரை இல்லாத மாவட்டமாயினும் வண்டியேறி வருகிற சாளை மீன், விலை உயர்ந்த சீலாவுக்குச் சத்தில் இளைத்ததன்று.

நம்பிக்கை: இரவில் கீரை ஆகாது, காணமும் பயறும் வாயு.

உண்மை: கீரையை இரவில் விலக்கியது மங்கிய விளக்கொளியில் புழுவையும் பூச்சியையும் ஆய்ந்து நீக்க முடியாத காலத்து ஜாக்கிரதையாக இருக்கலாம். மின்விளக்கின் கீழே நன்றாக ஆய்ந்து, பலமுறை அலசி, அன்றே சமைத்து அன்றே உண்ணுகிற முருங்கைக்கீரை, பகலில் செய்யாத தீமை எதையும் ஆரோக்கியமுள்ள ஒருவருக்கு இரவில் செய்துவிடப் போவதில்லை. கொல்லையில் முருங்கை நிற்கிற வீட்டுக்கு அதைவிட மலிவான இராக்கறி வேறு எது?

ஆனால் கீரையிலுள்ள இரும்பைத் தனியே விட்டால் உடம்பு அதில் சிறு பகுதியைத்தான் கிரகிக்கும். வைட்டமின் சி துணை நின்றால் கிரகிப்பு பெருகும். எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற புளியங்குடி இதே மாவட்டத்தில் இருக்கிறது. கீரையை இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகு அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டால் போதும். அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்தால் அந்த வைட்டமின் சூட்டில் பெருமளவு அழிந்துவிடும். இதற்கு நேர் விரோதமானது தேநீர். மலைக்கு அப்பாலும் இப்பாலும் சாப்பாட்டின் மேல் ஒரு சாயா குடிக்கிற பழக்கம் வேரூன்றியிருக்கிறது. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொண்டு உடம்பில் சேரவொட்டாமல் தடுப்பதால், அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளி வைப்பது நல்லது.

பயற்றின் வாயுவும் தீராத குற்றமன்று. வாயுவை உண்டாக்குகிற சர்க்கரைப் பொருள்களில் ஒரு பகுதி ஊறவைத்த நீரில் கரைந்துவிடுகிறது. காணத்தைக் காலையில் ஊறப்போட்டு, மாலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால் வயிறும் தொல்லைப்படாது, எரிபொருளும் மிச்சமாகும்.

நம்பிக்கை: அடுப்பை முழுவீச்சில் எரித்தால் சீக்கிரம் வெந்து, எரிவாயுவும் மிச்சமாகும்.

உண்மை: திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதிநிலையை எட்டிய பிறகு, எவ்வளவு தீயை மூட்டினாலும் அதன் வெப்பம் ஏறக்குறைய நூறு டிகிரிக்கு மேல் ஏறாது, அதிகப்படியான தீயெல்லாம் ஆவியாகிப் போகும். கொதி வந்தவுடன் தீயைக் குறைத்து மூடி வைப்பதே சிக்கனம். குக்கரில் சீக்கிரம் வேகக் காரணம், உள்ளே அழுத்தம் கூடுவதால் வெப்பம் நூற்றிருபது டிகிரியை நெருங்குவதே. அங்கும் ஆவி நிறைந்த பின் சிறுதீ போதும்.

இங்கும் சேர்க்கையின் ஒழுங்கு முக்கியம். பருப்பு வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றினால், புளிப்பு அதன் திசுக்களை இறுக்கிவிடுகிறது. பிறகு எத்தனை நேரம் எரித்தாலும் அது எளிதில் குழையாது. ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீரும் அவ்வாறே செய்யும். இதற்குப் பரிகாரமாக ஆப்பச்சோடாவைப் போடுகிறவர்கள், பருப்பைக் குழைத்துத் தயாமின் என்னும் பி வைட்டமினை அழித்துக்கொள்ளுகிறார்கள். பருப்பை முதலிலும் புளியைப் பின்னாலும் போட்டால் ஒரு காசு செலவில்லாமல் அந்தக் காரியம் முடிந்துவிடும்.

நம்பிக்கை: காய்கறி விலை நம் கையில் இல்லை, தேங்காய் அரைக்காத குழம்பு குழம்பும் இல்லை.

உண்மை: விலை நம் கையில் இல்லையாயினும் பருவம் நம் அறிவில் இருக்கலாம். பாவூர்சத்திரம் சந்தையில் குவிகிற காய்கறியில் பெரும்பகுதி புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. ஓணம் நெருங்க நெருங்க வாழைக்காயும் தடியங்காயும் முருங்கையும் விலையேறுவது ஆண்டுதோறும் நடப்பதே. அந்த வாரங்களில் பச்சைக் காயைத் துரத்திக்கொண்டு ஓடாமல், வற்றலுக்கும் துவையலுக்கும் திரும்புகிறவர் தப்பித்துக்கொள்ளுகிறார். சீனி அவரைக்காயும் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் சித்திரை வைகாசி வெயிலிலேயே வற்றலாகிவிட வேண்டும். ஆனி ஆடியில் சாரல் இறங்கிய பிறகு குற்றாலத்து மொட்டைமாடியில் எதையும் உலர்த்த முடியாது. தை மாதத்தில் சிறுகிழங்கு மலிந்திருக்கும்போது அதை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு வாங்குவது, வாசலில் வந்த லட்சுமியைத் திருப்பியனுப்புவதாகும்.

தேங்காய் இந்தப் பக்கத்துச் சமையலுக்கு உயிர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் குழம்பில் அது செய்கிற வேலைகளில் முதன்மையானது கெட்டிப்படுத்துவது. பொரிகடலையோ வறுத்த அரிசியோ அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். ஒரு மூடிக்குப் பதில் கால் மூடித் தேங்காயும் ஒரு கைப்பிடிப் பொரிகடலையும் சேர்த்து அரைத்துப் பார்க்கிறவர் வித்தியாசத்தைச் செலவில் உணர்வார். நாவில் உணர்வது அரிது.

நம்பிக்கை: அலுத்து வந்த நாளில் பரோட்டா வாங்கிவிடுவதே லாபம்.

உண்மை: செங்கோட்டைக்கு அருகே எல்லைக் கடைகளின் பரோட்டாவையும் நாட்டுக்கோழியையும் உண்பதற்கென்றே வெளியூரிலிருந்து கார் ஏறி வருகிறார்கள், அந்தக் கீர்த்திக்கு யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் திருவிழாவை அன்றாடமாக்கினால் அது லாபமாகாது. ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்னும் சலுகை விலையில், நான்கு பேருக்கு வேண்டிய 150 கிராம் பருப்புக்கு நாலரை ரூபாயும், ஐம்பது மில்லி எண்ணெய்க்கு ஒன்றேகால் ரூபாயும் ஆகின்றன. அரிசி விலையில்லாதது. ஆறு ரூபாய்க்குள் சாப்பாட்டின் அஸ்திவாரம் எழும்பிவிடுகிறது. காய், புளி, தேங்காய், எரிவாயு ஆகியவற்றைக் கூட்டினாலும், நாலு பேருக்கான பரோட்டாப் பொட்டலம் அந்தத் தொகையை எங்கேயோ தாண்டிவிடும்.

மீந்த சோற்றுக்கும் ஒரு வார்த்தை. இரவே தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த பழைய சோறு மறுநாள் காலைக்கு உத்தமமான ஆகாரம். தண்ணீரும் ஊற்றாமல், குளிரிலும் வைக்காமல் அடுக்களையில் கிடந்த சோற்றை மறுநாள் சூடாக்கி உண்பது மட்டும் ஆபத்து. அதில் வளர்கிற ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்குவதால் போகாது.

நம்பிக்கை: சிக்கனமாகச் சமைப்பது வீட்டுப் பெண்ணின் சாமர்த்தியம்.

உண்மை: மேலே சொன்ன யுக்திகள் எல்லாவற்றுக்கும் பணத்தைக் காட்டிலும் நேரம் வேண்டியிருக்கிறது, காலையில் ஊறப்போட ஒருவர், கீரை ஆய ஒருவர், சந்தைக்குப் போக ஒருவர் வேண்டும். பகலெல்லாம் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிய பெண்ணே இவை அனைத்தையும் செய்து, எல்லோரும் உண்ட பிறகு பானையின் அடியில் இருப்பதைத் தான் உண்பாளாயின், அந்த வீட்டின் சிக்கனம் அவளுடைய உடம்பிலிருந்து எடுத்த கடனாகும். 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதைக் கண்டது. பருப்பும் கீரையும் முட்டையும் நான்கு இலைக்கும் சமமாக விழ வேண்டும். அதற்கு ஒரு பைசாவும் கூடுதலாக ஆகாது. ஆகவே இராச் சாப்பாட்டைச் சீர்திருத்த விரும்புகிற குடும்பத் தலைவர், அடுப்பங்கரைக்கு உபதேசம் அனுப்புவதற்கு முன்னால், முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஆயத் தொடங்குவது உசிதம்.