தோல் வருத்தம்: எப்போது ஆஸ்பத்திரிக்கு?



"தோலிலே வந்ததுதானே, மாறிவிடும்" என்று பொறுத்திருப்போரும் எம்மிடையே உள்ளனர். சிறு பூச்சிக்கடிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் காத்திருப்போரும் உள்ளனர். பிரித்தானியாவில் வாழும் நாம் இதைக் கணக்கேடுபோல் மூன்று பத்திகளாகப் பிரித்து வைத்துக்கொள்வது நன்று.

முதலாம் பத்தி: 999. உதடு, நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் தாமதிக்கலாகாது. காய்ச்சலுடன் தோன்றிய புள்ளிகளைக் கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் அவை மறையாவிட்டால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். ஆள் சோர்ந்து கிடந்தால் புள்ளி வரும்வரை காத்திருக்கவும் கூடாது. காயம் சிறிதாகத் தெரிய, நோவு தாங்க முடியாததாக இருந்தால் அதுவும் அவசரமே. நீரிழிவுக்காரர் விசேடமாகக் கவனிக்கவேண்டும். வலிப்புக்குரிய கார்பமசெபீன், கவுட்டுக்குரிய அல்லோபியூரினோல் போன்ற மருந்து தொடங்கிச் சில கிழமைகளில் தோல் கொப்பளித்து வாய், கண் புண்பட்டால், மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடன் ஆஸ்பத்திரிக்குச் செல்லவும்.

இரண்டாம் பத்தி: அன்றைக்கே குடும்ப வைத்தியர் அல்லது 111. கால் சூடாகி வீங்கி, வீக்கம் பரவுதல், கண்ணருகே அக்கி, கர்ப்பிணிக்கோ நான்கு கிழமைக்குட்பட்ட குழந்தைக்கோ அம்மாள் வருத்தம். வேப்பிலை வைப்பது எமது மரபு. அதனுடன் தொலைபேசியும் எடுப்போம். அம்மாள் வருத்தத்துக்கு இபுபுரொபின் கொடுக்கலாகாது.

மூன்றாம் பத்தி: பார்மசி. 2024 ஜனவரி முதல் இங்கிலாந்தில் அக்கி, பொருக்குக் கட்டும் சிரங்கு, கிருமி தொற்றிய பூச்சிக்கடி ஆகியவற்றுக்கு, வயதும் நிலைமையும் பொருந்தினால், வைத்தியரின் துண்டு இல்லாமலே பார்மசியில் மருந்து பெறலாம். அக்கிக்குரிய மருந்தை மூன்று நாட்களுக்குள் தொடங்குவது நல்லது.

ஒன்றை மறக்கவேண்டாம். பாடநூல்கள் "சிவத்தல்" என்கின்றன. எமது கருநிறத் தோலில் அது ஊதாவாகவோ கறுப்பாகவோ தெரியும், தெரியாமலும் போகலாம். ஆகவே தொட்டுப் பார்க்கவேண்டும்: சூடா, வீக்கமா, நோவா? புள்ளிகளை உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் ஆகியவற்றில் தேடவேண்டும். "இது எனது வழமையான நிறமல்ல" என்று வைத்தியரிடம் நாமே சொல்லவேண்டும்.

மகன் வேலையால் வரும்வரை முதியோர் காத்திருக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் இலவசம். "தமிழ் இன்டர்பிரிட்டர் பிளீஸ்" என்ற மூன்று சொற்களை இன்றே வீட்டிலுள்ள பெரியோருக்குச் சொல்லிப் பழக்குவோம்.